பிரசிடெண்ட் ரத்தாய்ஸ்கி

போஸ்னானில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். போலந்தின் மேற்குப் பக்கம், வார்சாவுக்கும் பெர்லினுக்கும் ஏறக்குறைய நடுவில் இருக்கிற ஊர். நான் வாடகைக்கு இருந்த இடத்திலிருந்து பத்து நிமிடம் நடந்தால் ஒரு சதுக்கம் வரும், பிளாட்ஸ் சிரிலா ரத்தாய்ஸ்கியெகோ என்று பெயர். முதல் மாதம் அந்தப் பலகையை வாசிக்கவே எனக்கு வாய் வரவில்லை. யார் இந்த சிரில் ரத்தாய்ஸ்கி என்று அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரரிடம் கேட்டபோது, "போருக்கு முன்னாடி இங்கே பிரசிடெண்ட்டா இருந்தவர்" என்றார். ஓ, நாட்டின் ஜனாதிபதியா, பெரிய ஆள்தான் என்று நினைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்து தேடினால், போலந்து ஜனாதிபதிகள் பட்டியலில் ஆளே இல்லை.

விஷயம் என்னவென்றால், போலந்தில் பெரிய ஊர் மேயருக்கே பிரசிடெண்ட் என்றுதான் பெயர். சின்ன டவுன் என்றால் புர்மிஸ்ட்ஷ், கிராமம் என்றால் வூய்ட். நம்மூரில் பஞ்சாயத்துத் தலைவரைப் பிரசிடெண்ட் என்று கூப்பிடுவோமே, அங்கே அதற்கு நேர் தலைகீழ். இது புரிந்ததும் தேடுவதை விட்டிருக்கலாம். ஆனால் அதற்குள் அந்த மனிதரின் கதை என்னைப் பிடித்துக்கொண்டது. வேறொரு நாட்டின் சட்டத்தைப் படித்து வக்கீலாகி, சொந்த நாட்டுக்காக ஒரு ஊரை நடத்தி, கடைசியில் கட்டடமும் பெயர்ப்பலகையும் இல்லாத ஒரு அரசாங்கத்துக்குத் தலைவராக, பொய்ப் பெயரில் செத்துப்போனவர். இதைத் தமிழில் யாரும் எழுதி நான் பார்க்கவில்லை, அதனால் நானே எழுதுகிறேன்.

அவர் பிறந்தது 1875இல். பிறந்தபோது போலந்து என்று ஒரு நாடு வரைபடத்தில் கிடையாது. பதினெட்டாம் நூற்றாண்டின் கடைசியிலேயே பிரஷ்யா, ரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்குபோட்டு முடித்துவிட்டன. போஸ்னான் பிரஷ்யாவின் பங்கு, ஜெர்மன் பெயர் போசன். ரஷ்யப் பக்கத்தில் இருந்த போலிஷ்காரர்கள் அவ்வப்போது துப்பாக்கியைத் தூக்கினார்கள், தோற்றார்கள், சைபீரியாவுக்குப் போனார்கள். பிரஷ்யப் பக்கத்தில் நடந்த சண்டை பெரும்பாலும் வேறு மாதிரி. கூட்டுறவு வங்கி, விவசாயிகள் சங்கம், படிக்க உதவித்தொகை, அப்புறம் வழக்கு. வழக்குக்கு மேல் வழக்கு. அந்தப் பகுதி ஆட்கள் கணக்குவழக்கில் கெட்டி, காசில் கஞ்சம், எல்லாம் ஒழுங்காக இருக்க வேண்டும் என்பார்கள் என்று மற்ற ஊர்க்காரர்கள் இன்றைக்கும் கிண்டல் அடிக்கிறார்கள். அது அந்தக் காலத்தில் வந்த பழக்கம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

சட்டச் சண்டை எப்படி இருந்தது என்பதற்கு ட்ஷிமாவா என்ற விவசாயியின் கதையை அங்கே எல்லோரும் சொல்வார்கள். 1904இல் பிரஷ்யா ஒரு சட்டம் கொண்டுவந்தது. புதிதாக வீடு கட்ட அதிகாரிகளின் அனுமதி வேண்டும், போலிஷ்காரர் கேட்டால் அனுமதி கிடைக்காது, அவ்வளவுதான். மிஹாவ் ட்ஷிமாவா நிலம் வாங்கினார், வீட்டுக்கு அனுமதி வரவில்லை. மனிதர் சக்கரம் வைத்த ஒரு வண்டியை வாங்கி வந்து அதற்குள் குடியேறிவிட்டார். வண்டி வீடாகாது, அனுமதியும் வேண்டாம். ஒரே இடத்தில் நின்றால் அது வீடுதான் என்று யாராவது சொல்லிவிடுவார்கள் என்பதற்காக அதைக் கொஞ்சம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டே இருந்தார். வருடக்கணக்கில் நடந்த இந்தக் கூத்து ஐரோப்பா முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. இன்னொரு பக்கம், 1908இல் பொதுக்கூட்டங்களில் போலிஷ் பேசுவதற்கே கட்டுப்பாடு வந்தது. இப்படிப்பட்ட ஊரில் ஒரு போலிஷ் வக்கீலுக்கு என்ன வேலை இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எதிராளியின் சட்டப் புத்தகத்தை எதிராளியை விட நன்றாகப் படித்திருக்க வேண்டும்.

ரத்தாய்ஸ்கி அதைத்தான் செய்தார். பெர்லினில் போய்ச் சட்டம் படித்தார். மேல் சிலேசியாவில் ரட்சிபூஷ் என்ற ஊரில் சில வருடம் வக்கீல் தொழில் செய்தார், ஜெர்மன்காரர்கள் ராட்டிபோர் என்று கூப்பிட்ட ஊர். அங்கே போலிஷ் பேசுகிறவர்கள் நிறைய, போலிஷ் பேசும் வக்கீல்கள் குறைவு. முதல் உலகப் போருக்குக் கொஞ்சம் முன்னால் போஸ்னானுக்கு வந்துவிட்டார். போர் முடிந்தது, ஜெர்மனி தோற்றது, போலந்து மறுபடி நாடானது, போஸ்னான் மட்டும் இன்னும் ஜெர்மன் கையில் இருந்தது. 1918 டிசம்பர் 26 அன்று போலிஷ் பியானோ மேதை பதெரெவ்ஸ்கி போஸ்னானுக்கு வந்து இறங்கி, பஸார் ஹோட்டலில் தங்கி, கூட்டத்தைப் பார்த்துப் பேசினார். மறுநாள் தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டது. அதுதான் வியல்கோபோல்ஸ்கா எழுச்சி, போஸ்னானைச் சுற்றிய பகுதிக்கு அந்தப் பெயர். போலந்து சரித்திரத்தில் ஜெயித்த எழுச்சிகள் ரொம்பக் கொஞ்சம், அதில் இது ஒன்று என்று போஸ்னான்காரர்கள் பெருமையாகச் சொல்வார்கள். சொல்லும்போது வார்சாக்காரர் யாராவது பக்கத்தில் இருந்தால் குரல் இன்னும் கொஞ்சம் ஏறும்.

விடுதலைக்குப் பிறகு ஊரின் முதல் போலிஷ் மேயரும் ஒரு வக்கீல்தான், யாரோக்னியேவ் த்ர்வென்ஸ்கி. அவர் 1921இல் இறந்துபோக, 1922இல் ரத்தாய்ஸ்கி அந்த நாற்காலிக்கு வந்தார், வயது 47.

வந்த நேரம் சரியில்லை. பணவீக்கம் தலைதெறிக்க ஓடிக்கொண்டிருந்த காலம். 1924இல் ஸ்வோட்டி என்ற புது நாணயம் வந்தபோது, ஒரு ஸ்வோட்டிக்குப் பதினெட்டு லட்சம் பழைய மார்க் என்று மாற்றினார்கள். இந்தப் பணத்தில் எந்த மேயர் பட்ஜெட் போடுவார்? ஜெர்மன் அதிகாரிகள் கிளம்பிப் போயிருந்தார்கள், ஜெர்மன் மக்களும் பெரும்பாலானோர் போய்க்கொண்டிருந்தார்கள், அவர்கள் இடத்தில் கிராமங்களிலிருந்தும் மற்றப் பகுதிகளிலிருந்தும் போலிஷ்காரர்கள் வந்து இறங்கினார்கள். பிஸ்மார்க் சிலையை ஏற்கெனவே 1919இல் இறக்கியாயிற்று. ஆனால் சாக்கடை, மின்சாரம், டிராம், பள்ளிக்கூடம் என்று மீதி எல்லாம் அப்படியே நடந்தாக வேண்டும். நடுவில் ஏழு மாதம், 1924 நவம்பரிலிருந்து 1925 ஜூன் வரை, வார்சாவில் பிரதமர் கிராப்ஸ்கியின் அமைச்சரவையில் உள்துறை அமைச்சராகவும் இருந்தார். தலைநகர அரசியல் அவருக்கு ஒத்துவரவில்லை போல, பதவியை விட்டுவிட்டு ஊர் வேலைக்கே திரும்பிவிட்டார். எனக்கு இந்த இடத்தில்தான் அவரைப் பிடிக்க ஆரம்பித்தது.

அதே 1925இல் சுற்றியிருந்த கிராமங்களை இணைத்து ஊரின் பரப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கானது. இணைப்பது பெரிய விஷயமில்லை, எல்லா ஊரும் அதைச் செய்யும். இணைத்த இடத்தை என்ன செய்வது என்று ஆள் வைத்து யோசித்ததுதான் விஷயம். கட்டடக் கலைஞர் வ்வாதிஸ்வாவ் சார்நெட்ஸ்கி, தாவரவியல் பேராசிரியர் ஆதாம் வொஜிச்கோ என்று இரண்டு பேர். வார்தா ஆறும் அதில் வந்து சேர்கிற சிற்றாறுகளும் ஊரைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகின்றன. அந்தப் பள்ளத்தாக்குகளில் கட்டடம் எழுப்பாமல் மரமும் புல்லுமாகவே விட்டுவிட்டால், வெளியே இருக்கிற காட்டிலிருந்து ஊரின் நடுவயிறு வரைக்கும் காற்று வரும் என்பது அவர்கள் திட்டம். கேக்கில் ஆப்பு செருகியது போல நாலு பக்கமிருந்தும் பச்சை உள்ளே வருகிறது. போலிஷில் கிளின் ஜியெலேனி என்கிறார்கள், பச்சை ஆப்பு என்றே அர்த்தம். நான் ஞாயிற்றுக்கிழமை சைக்கிள் எடுத்துக்கொண்டு பொக்தாங்கா ஓடையை ஒட்டி மிதித்தால் ஊர் முடிந்து காடு தொடங்கின இடம் எது என்றே தெரியாது. அதை யாரோ ஒருவர் உட்கார்ந்து வரைந்திருக்கிறார், ஒரு மேயர் அவருக்குச் சம்பளம் கொடுத்திருக்கிறார் என்பதெல்லாம் அப்போது எனக்குத் தெரியாது. தானாக அப்படி அமைந்த ஊர் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

சரி, இப்போது பெவுகா. ஊர்க்காரர்களிடம் ரத்தாய்ஸ்கி என்று சொன்னால் அடுத்த வார்த்தை இதுதான். பொவ்ஷெக்னா விஸ்தாவா கிரயோவா, அதாவது பொது தேசியக் கண்காட்சி. முதலெழுத்துகளைச் சேர்த்துச் செல்லமாகப் பெவுகா. நாடு திரும்பக் கிடைத்துப் பத்து வருடம் ஆகிறது, இந்தப் பத்து வருடத்தில் என்ன செய்தோம் என்று உலகத்துக்குக் காட்ட வேண்டும். வார்சாவில் வைத்தால் யாரும் ஆச்சரியப்பட மாட்டார்கள். போஸ்னானில் 1921இலிருந்தே வர்த்தகச் சந்தை நடந்துகொண்டிருந்தது, அந்த அனுபவத்தை வைத்து இங்கேயே நடத்துகிறோம் என்று கேட்டு வாங்கினார்கள். இதில் ஒரு சிக்கலும் இருந்தது. 1926இல் மார்ஷல் பியூசுட்ஸ்கி ராணுவத்தோடு வந்து ஆட்சியைப் பிடித்தபோது போஸ்னான் அவருக்கு எதிர்ப்பக்கம் நின்றது, இங்கிருந்து போன படைகள் பழைய அரசுக்காகச் சண்டை போட்டன. அதே பியூசுட்ஸ்கி கூட்டத்திடம்தான் இப்போது கண்காட்சிக்கு ஒத்துழைப்பு வாங்க வேண்டும். வக்கீல் வாங்கிவிட்டார்.

1929 மே 16 திறப்பு விழா. அதற்கு முந்தைய குளிர்காலம் ஐரோப்பாவையே உறைய வைத்த குளிர்காலம், அந்தப் பிப்ரவரியைப் பற்றிப் போலந்தில் இன்றும் பேசுவார்கள். மண்வெட்டி இறங்காத தரையில் அஸ்திவாரம் போட்டு, காங்கிரீட் கலந்து, மே மாதத்தில் பூச்செடியோடு நிறுத்தியிருக்கிறார்கள். 65 ஹெக்டேர், நூற்றுக்கும் மேற்பட்ட அரங்குகள். சந்தை வளாகத்திலிருந்து பூங்கா, பல்கலைக்கழகக் கட்டடம் வரை ஊரின் ஒரு பெரிய துண்டே கண்காட்சிக்குள் போய்விட்டது. வருகிறவர்கள் தங்க பொலோனியா என்று பெரிய ஹோட்டல், கார்பரியில் புது மின்நிலையம், பூங்காவில் பனைமர வீடு என்கிற கண்ணாடிக் கூடத்தைப் பெரிதாக்கிக் கட்டினார்கள். இரண்டரை லட்சம் பேர் இருந்த ஊருக்கு நாலரை மாதத்தில் 45 லட்சம் பேர் வந்து போனார்கள். கண்காட்சியை நாள்தோறும் நடத்தியது இயக்குநர் ஸ்தனிஸ்வாவ் வாஹோவியாக், அவர் பெயரையும் சொல்லிவிட வேண்டும், இல்லாவிட்டால் நியாயமில்லை.

அந்தக் கண்ணாடிக் கூடம் இப்போதும் இருக்கிறது. டிசம்பரில் வெளியே மைனஸ் எட்டு இருக்கும்போது உள்ளே நுழைந்தால் முதலில் கண்ணாடி அணிந்தவனுக்குக் கண் தெரியாது, அப்படியே ஆவி படிந்துவிடும். துடைத்துவிட்டு நிமிர்ந்தால் எதிரே வாழைமரம் நிற்கிறது. குலையைப் பார்த்த எனக்கு அதன் அடியிலேயே உட்கார்ந்துவிடலாமா என்று இருந்தது. பக்கத்தில் நின்ற பாட்டி பேரனிடம் வாழைப்பழம் மேல்நோக்கி வளைந்திருப்பதை அதிசயமாகக் காட்டிக்கொண்டிருந்தார். அந்த ஊரில் எனக்குத் தெரிந்த ஒரே விஷயம் அது, ஆனால் விளக்கம் சொல்லப் போலிஷ் போதவில்லை.

கண்காட்சி செப்டம்பர் 30 முடிந்தது. அக்டோபர் கடைசியில் நியூயார்க் பங்குச் சந்தை விழுந்தது. கஞ்சம் என்று பெயரெடுத்த ஊர் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவை கடன் வாங்கிக் கல்யாணம் செய்தது போலச் செலவழித்தது, பந்தலைப் பிரித்த மாதமே உலகமே திவாலானது. அடுத்த வருடங்களில் வேலையில்லாதவர்கள் தெருவுக்கு வந்தார்கள், நகராட்சிக் கடன் கழுத்தைப் பிடித்தது, ஆடம்பரமாகச் செலவழித்தார் என்று ரத்தாய்ஸ்கியைத் திட்டினார்கள். திட்டியதில் நியாயம் இல்லாமல் இல்லை. ஆனால் அவர் கட்டிய மின்நிலையமும் சாலையும் பூங்காவும் அவருக்குப் பிறகு வந்த மூன்று ஆட்சிகளுக்கும் உழைத்தன. 1930இல் போலந்தின் முதல் டிராலிபஸ் ஓடியதும் இந்த ஊரில்தான், மேலே கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்துக்கொண்டு தண்டவாளம் இல்லாமல் ஓடுகிற பஸ்.

1934இல் அவர் காலம் முடிந்தது. வார்சா ஆட்சிக்கும் போஸ்னான் மாமன்றத்துக்கும் ஆகவே ஆகாது, மேலிடம் தன் ஆளைக் கொண்டுவந்து உட்காரவைத்தது. பன்னிரண்டு வருட மேயர் வீட்டுக்குப் போனார். சும்மா இருக்கவில்லை, 1937இல் உருவான தொழிலாளர் கட்சியில் சேர்ந்தார். ஆனால் வயது அறுபதைத் தாண்டிவிட்டது, ஊரில் மரியாதை இருந்தது. கதை இங்கேயே முடிந்திருந்தால் இன்னொரு நல்ல மேயர், அவ்வளவுதான்.

1939 செப்டம்பர் 1 அன்று குண்டு விழுந்தது. சில நாளில் ராணுவமும் அதிகாரிகளும் கிழக்கே கிளம்பிவிட்டார்கள், அப்போதைய மேயர் உட்பட. மேலிடத்து உத்தரவு அப்படி, அவரைக் குறை சொல்ல முடியாது. ஊர் மட்டும் இருந்த இடத்தில் இருந்தது. ஜெர்மன் படை இன்னும் வரவில்லை, போலிஷ் அரசு போய்விட்டது. நடுவில் சில நாட்கள் யாருமில்லாத ஊர். கடைகளை யார் காவல் காப்பது, ரொட்டி யார் கொடுப்பது, மின்சாரத்தை யார் பார்த்துக்கொள்வது? ஐந்து வருடமாகப் பதவியில் இல்லாத 64 வயது ரத்தாய்ஸ்கி நகர மன்றத்துக்குப் போய்ப் பழைய நாற்காலியில் உட்கார்ந்தார். குடிமக்கள் காவல் படை ஒன்றை அமைத்து ஊரைப் பார்த்துக்கொண்டார். செப்டம்பர் 10 அன்று ஜெர்மன் படை வந்தது. ஜெர்மன் சட்டம் படித்த மனிதர் ஜெர்மன் மொழியிலேயே பேசி ஊரை ஒப்படைக்க வேண்டியிருந்தது.

அந்த இலையுதிர்காலத்தில் போலிஷ் மேயராக இருப்பது என்றால் என்ன என்று தெரிய, மற்ற இரண்டு பேரைச் சொன்னால் போதும். பக்கத்து ஊர் பிட்கோஷ்சின் மேயர் லியோன் பார்சிஷெவ்ஸ்கி வெளியே போனவர், தன் ஊருக்குத் திரும்பி வந்தார், நவம்பரில் மகனோடு சேர்த்துச் சுட்டுக் கொன்றார்கள். வார்சா மேயர் ஸ்தர்ஷின்ஸ்கி முற்றுகையின்போது வானொலியில் பேசிப் பேசி ஊரைத் தாங்கியவர், அக்டோபரில் கைதாகி டிசம்பரில் கொல்லப்பட்டார். ரத்தாய்ஸ்கியையும் பணயக் கைதியாகப் பிடித்தார்கள். ஏன் உயிரோடு விட்டார்கள் என்பதற்கு எனக்கு விளக்கம் இல்லை, அதிர்ஷ்டம் என்றுதான் சொல்ல வேண்டும். போஸ்னான் மறுபடி போசன் ஆனது, ஜெர்மனியோடு நேராகச் சேர்க்கப்பட்டது. போலிஷ் குடும்பங்களை ஒரு பெட்டியோடு கிளப்பி ரயிலில் ஏற்றிக் கிழக்கே தள்ளினார்கள். அப்படி வெளியேற்றப்பட்டவர்களில் முன்னாள் மேயரும் ஒருவர்.

1940 டிசம்பரில், லண்டனுக்குப் போய்விட்ட போலிஷ் அரசின் பிரதமர் சிகோர்ஸ்கியிடமிருந்து அவருக்கு நியமனம் வந்தது. நாடுகடந்த அரசின் பிரதிநிதி, போலிஷில் தெலெகாத். கேட்க எளிமையான பதவி. உண்மையில், ஆக்கிரமிக்கப்பட்ட நாட்டுக்குள் ஒரு முழு அரசாங்கத்தையே ரகசியமாக நடத்த வேண்டும். கல்வித்துறை, நீதித்துறை, உள்துறை, பத்திரிகை எல்லாம் உண்டு. ஜெர்மன்காரர்கள் போலிஷ் உயர்நிலைப் பள்ளிகளை மூடிவிட்டார்கள், அதனால் வீட்டுச் சமையலறைகளில் வகுப்பு, பரீட்சை, சான்றிதழ் வரைக்கும். பணம் லண்டனிலிருந்து வரும். இரவில் விமானத்திலிருந்து பாரசூட்டில் குதிக்கிற தூதர் இடுப்பைச் சுற்றி டாலர் கட்டுகளோடு பனியில் இறங்குவார், அதிலிருந்துதான் ஆசிரியர் சம்பளம். முதல் தடவை அப்படிக் குதித்தது 1941 பிப்ரவரியில்.

ரகசிய வேலைக்கு ஏற்ற ஆளா அவர் என்று கேட்டால், இல்லை என்பதுதான் என் கருத்து. கட்சிகள் யாரைப் போடுவது என்று மாதக்கணக்கில் அடித்துக்கொண்ட பிறகு, சிகோர்ஸ்கிக்கு வேண்டியவர் என்ற கணக்கில் வந்தவர். வார்சா அவர் ஊரில்லை. தலைமறைவு ராணுவத்தின் தளபதி ரொவெட்ஸ்கிக்கும் அவருக்கும் சிவில் நிர்வாகம் யார் கையில் என்பதில் ஓயாத இழுபறி. கட்சிக்காரர்கள் மெதுவான கிழவர் என்றார்கள். ஆனால் சிவில் அரசு ராணுவத்தின் ஒரு பிரிவாக இருக்கக் கூடாது என்பதில் மனிதர் இறங்கி வரவே இல்லை. துப்பாக்கி யார் கையில் இருக்கிறதோ அவன் சொல்வதே சட்டம் என்ற ஊரில் இருந்துகொண்டு இதற்காக மல்லுக்கட்டுவது பைத்தியக்காரத்தனமாகத் தெரியலாம். ட்ஷிமாவாவின் வண்டியைப் பார்த்த தலைமுறை அது, அவர்களுக்கு அப்படித் தெரிந்திருக்காது.

1942 ஜூலை 22 அன்று, யூதர்களை அடைத்து வைத்திருந்த வார்சா கெட்டோவிலிருந்து அவர்களைத் திரெப்ளிங்கா கொலை முகாமுக்கு ஜெர்மன்காரர்கள் ஏற்றிப் போகத் தொடங்கினார்கள். அதே ஊரில்தான் இந்த ரகசிய அரசும் இருந்தது. யூதர்களுக்கு உதவும் ஜெகோத்தா அமைப்பை அந்த அரசு உருவாக்கியபோது வருடக் கடைசி ஆகிவிட்டது, அதற்குள் கெட்டோவின் பெரும்பகுதி காலி. இதைச் சொல்லாமல் அந்தக் கோடையைப் பற்றி எழுத எனக்கு மனம் வரவில்லை. ரத்தாய்ஸ்கி ஆகஸ்டில் ராஜினாமா செய்தார், உடம்பும் சரியில்லை. அக்டோபர் 19 அன்று வார்சாவில் இறந்தார். வேறு பெயரில் வாழ்ந்தவரை வேறு பெயரிலேயே பொவொன்ஸ்கி கல்லறையில் புதைத்தார்கள். அடுத்து வந்த பிரதிநிதி பியெகாவ்கியெவிச் சில மாதத்திலேயே ஜெர்மன் ரகசியப் போலீஸான கெஸ்டபோவிடம் மாட்டி இறந்தார்.

போர் முடிந்து வந்த கம்யூனிஸ்ட் ஆட்சிக்கு லண்டன் அரசு என்றாலே ஆகாது, அதன் பிரதிநிதிக்கு எங்கே சதுக்கம் வைப்பது? அந்த இடத்தின் பெயர்களையே பாருங்கள். பிரஷ்யக் காலத்தில் அரசர் சதுக்கம், போருக்கு முன் புதுநகரச் சதுக்கம், கம்யூனிஸ்ட் காலத்தில் இளங்காவலர் சதுக்கம், அந்த ஆட்சி போன பிறகுதான் ரத்தாய்ஸ்கி.

அவரது எச்சங்களை 1960களில் வார்சாவிலிருந்து எடுத்து வந்து போஸ்னானுக்குத் தெற்கே புஷ்சிகோவோ என்ற ஊரில் அடக்கம் செய்திருக்கிறார்கள். ஊருக்குக் கிளம்பும் முந்தைய வருடம், நவம்பர் 1, சகல புனிதர் நாளன்று ரயிலேறிப் போனேன். அன்று போலந்து முழுக்கக் கல்லறைக்குத்தான் போகும். வாசலில் ஒரு அம்மா கண்ணாடிக் குடுவைக்குள் மெழுகு ஊற்றிய விளக்குகள் விற்றுக்கொண்டிருந்தார். சிவப்பு ஒன்று எடுத்தேன். யாருக்கு என்று கேட்டார். "பிரசிடெண்ட் ரத்தாய்ஸ்கிக்கு" என்றேன். மீதிச் சில்லறையை எண்ணிக் கொடுத்துவிட்டு, காற்று அடிக்கிறது, மூடியைச் சரியாக அழுத்துங்கள் என்றார்.